வெள்ளிக் கம்பியும் சுருளித் தண்ணீரும்

மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் அந்தப் பிளாஸ்டிக் தாளின் மேல் வைத்தேன். பார்வைக்கு அது வெறும் தாள்தான். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் அதன் வழியாகக் கல்லூரி வேப்பமரம் தெரியும், அதற்கு அப்பால் நெல் வயல், அதற்கும் பின்னால் மேகம் இறங்கிய மலை. அந்தத் தாளில் மின்சாரம் ஓடியது. மீட்டரில் எண் வந்துவிட்டது. நம்பாமல் மீட்டரைத் தூக்கி வைத்துவிட்டு, ஒரு சின்ன எல்.இ.டி விளக்கைத் தாளின் மேல் ஒட்டி பேட்டரியை இணைத்தேன். சிவப்பாக எரிந்தது.

நான் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். பாடம் போக மிஞ்சிய நேரமெல்லாம் பல மாதங்களாக இந்த ஒரு காரியத்தில்தான் போயிருந்தது. செல்போன் திரையை விரலால் தொடுகிறோமே, தொட்ட இடம் அதற்குத் தெரிவதற்குக் காரணம் கண்ணாடியின் மேல் இருக்கும் ஒரு பூச்சு. வெளிச்சத்தையும் விட வேண்டும், மின்சாரத்தையும் கடத்த வேண்டும். பெரும்பாலும் அதை இண்டியம் என்ற உலோகத்தை வைத்துத்தான் செய்கிறார்கள். இண்டியத்துக்கென்று தனிச் சுரங்கம் கிடையாது. துத்தநாகம் எடுக்கும்போது கூடவே கொஞ்சம் கிடைக்கும். பூசும்போதும் பாதிக்கு மேல் எந்திரத்தின் சுவரிலேயே படிந்து போகும் என்பார்கள். அதனால் உலகம் முழுக்க வேறு பொருள் தேடுகிறார்கள். நான் தேர்ந்துகொண்டது வெள்ளி. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய வெள்ளிக் கம்பிகளைச் சூடான திரவத்தில் வளர்த்து, கழுவி, தாளின் மேல் ஊற்றி, கம்பி சுற்றிய ஓர் இரும்புத் தண்டால் இழுத்துப் பரப்ப வேண்டும். ஒருமுறை கம்பி வளராது, மறுமுறை பூச்சு திட்டுத் திட்டாக உலரும். அன்றைக்குத்தான் எல்லாம் கூடி வந்தது.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வராந்தாவில் ஓடி விலங்கியல் ஆய்வகத்துக்குள் நுழைந்தேன். அங்கே வேலை பார்ப்பவள் என் தோழி. ராயப்பன்பட்டிக்காரி. இருவரும் ஒரே வருஷம் இந்தக் கல்லூரியில் சேர்ந்தவர்கள்.

"ஏண்டி, வாடி அங்கன! எரியுதுடி!"

"என்னாத்தடி எரியுது?" என்று அவள் பதறி எழுந்து சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பானைப் பார்த்தாள்.

இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். தாளை வளைத்தாள். விளக்கு எரிந்தது. சுருட்டினாள். அப்போதும் எரிந்தது. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மாற்றி மாற்றி அதை வளைத்துக்கொண்டே இருந்தோம்.

பிறகு மேசையில் கிடந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். மதுரையில் நடக்கவிருந்த ஒரு கருத்தரங்குக்கு நான் எழுதி வைத்திருந்த சுருக்கம். தலைப்பில், 'சுற்றுச்சூழலுக்கு உகந்த ஒளிபுகு மின்கடத்திப் பூச்சு' என்று இருந்தது.

"உகந்ததுன்னு யாரு சொன்னாக?"

"இண்டியம் இல்லையில்லடி. பாதிக்கு மேல வீணாப் போகாது, பெரிய எந்திரம் வேணாம்..."

"அது சரி. வெள்ளிய எதுக்குடி தீக்காய மருந்துல போடுறாக? கிருமியக் கொல்றதுக்குத்தான? கிருமியக் கொல்றது கொளத்துல கெடக்கிற உசுர மட்டும் விட்டுருமா?"

எனக்கு மனம் சுருங்கவில்லை. நல்ல கேள்வி ஒன்று கைக்கு வந்தால் எனக்குப் பசியே எடுக்காது. "சோதிச்சுப் பாத்துருவமா?" என்றேன். அவள் ஏற்கெனவே அலமாரியைத் திறந்து கண்ணாடி ஜாடிகளை எடுத்து வைக்கத் தொடங்கியிருந்தாள்.

என் கணவர் சின்னமனூரில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் எனக்கு அவர் மச்சான்தான். அன்று சாயந்தரம் கடைக்குப் போய் நின்றேன்.

"மச்சான், ஒடைஞ்ச டிஸ்பிளேயெல்லாம் என்னா பண்ணுவீக?"

"என்ன பண்றது, அந்தா சாக்குல கெடக்கு. நெறஞ்சா குப்பையில போயிரும்."

"அதுக்கப்பறம்?"

அவர் உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "அதுக்கப்பறம் எனக்கு என்னா தெரியும்? இத்தன வருசத்துல ஒருத்தரும் கேட்டதில்ல. நீதான் மொத ஆளு."

சாக்கிலிருந்து உடைந்த திரைகளில் சிலவற்றை வாங்கிக்கொண்டு வந்தேன். அவற்றில் இருப்பது பழைய இண்டியப் பூச்சு. என் வெள்ளித் தாளுக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட அவை வேண்டும். மூன்றாவதாக, மின்சாரம் கடத்தும் ஒரு வகைப் பிளாஸ்டிக்கையும் சேர்த்துக்கொண்டோம். துணிக்குப் போடும் நீலம் மாதிரி கருநீலமாக இருக்கும். மெல்லியதாகப் பூசினால் நிறம் ஏறக்குறைய மறைந்துவிடும்.

சோதனைக்கு உயிர் வேண்டுமே. மார்க்கையன்கோட்டைப் பக்கம் ஒரு குளத்தில் மெல்லிய வலையை ஓட்டி என் தோழி தெள்ளுப்பூச்சிகளைப் பிடித்து வந்தாள். ஊசி முனை அளவுதான் இருக்கும். தண்ணீருக்குள் துள்ளித் துள்ளிப் போகும். மீன் குஞ்சுக்கு அதுதான் சாப்பாடு. தண்ணீரில் கெடுதல் எது கலந்தாலும் முதலில் சாவதும் அதுதான். நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினாள். நான் அதுவரை பார்த்ததில்லை. உடம்பு முழுக்கக் கண்ணாடி! உள்ளே இதயம் படபடவென்று அடிப்பது அப்படியே தெரிந்தது. குடலில் பச்சைப் பாசி நகர்வது தெரிந்தது. எனக்குக் கண்ணை எடுக்க மனமில்லை.

"போதும்டி, அது கூச்சப்படுது" என்றாள்.

ஜாடிகளை வரிசையாக வைத்தோம். வெள்ளித் தாளை ஊற வைத்த தண்ணீர், பிளாஸ்டிக் பூச்சை ஊற வைத்த தண்ணீர், பழைய திரையை ஊற வைத்த தண்ணீர். கம்பிகளைக் கழுவும்போது மிஞ்சும் கழுவு நீரையும் கொஞ்சம் கலந்து ஒரு ஜாடி. எதுவும் கலக்காத வெறும் தண்ணீர் ஒரு ஜாடி. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்று என் தோழி தன் அண்ணனின் திராட்சைத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்திருந்தாள்.

மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய்ப் பார்த்தேன். எல்லா ஜாடியிலும் எல்லாம் செத்து அடியில் கிடந்தன. வெறும் தண்ணீரிலும்.

வெறும் தண்ணீரிலேயே செத்தால் சோதனையே செல்லாது. பூச்சியைப் பிடித்த விதம் சரியில்லையா, ஜாடி சுத்தமில்லையா என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அண்ணே, கெணத்துக்கிட்ட மருந்தடிக்கிற டேங்க கழுவுனீகளா?"

அவள் போனை என் பக்கம் நீட்டினாள். அண்ணன் குரல் நன்றாகக் கேட்டது. "ஆமாத்தா, எப்பவும் அங்கனதான கழுவுறோம். நேத்துக்கூட மயில்துத்தம் அடிச்சோம்ல. ஏன், என்னா ஆச்சு?"

திராட்சை இலையில் பூஞ்சை விழுந்தால் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடிப்பது எங்கள் பக்கம் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. மயில்துத்தத்தில் இருப்பது செம்பு. செம்பு பட்டால் தெள்ளுப்பூச்சி பிழைக்காது. நாங்கள் வெள்ளியைப் பிடிக்க வலை விரித்தோம், செம்பு வந்து மாட்டியது. ஏமாற்றத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம்தான். எங்களுக்கோ சிரிப்பு. அந்தப் பூச்சி பொய் சொல்லாது என்பது தெரிந்துவிட்டதே! டேங்க் கழுவும் இடத்தைக் கிணற்றிலிருந்து தள்ளி மாற்றும்படி அவள் அன்றைக்கே அண்ணனிடம் சொல்லிவிட்டாள்.

இனி நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? "சுருளிக்குப் போவம்டி" என்றாள். "மலையிலருந்து நேரா எறங்குற தண்ணி. ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் வந்துர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலிலிருந்து நேராக, பட்டுச் சேலையோடு, இரண்டு கைகளிலும் கேன்களைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். சுருளியில் நல்ல கூட்டம். அருவியில் குளிக்கிற இடத்தில் சோப்பு நுரை மிதக்கும் என்பதால், ஒதுக்குப்புறமாகப் பாறையிடுக்கில் வடியும் ஊற்றில் கேனைப் பிடித்தோம். நிறைவதற்கு நேரம் ஆனது. ஈரப் பாறையில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றோம். சாரல் அடித்தது. ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறேன், இத்தனை சந்தோஷமாக ஒரு சோதனைக்கு ஆயத்தம் செய்ததில்லை.

திரும்பி வரும் பேருந்தில் கேன்களைக் காலுக்கிடையில் வைத்திருந்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"சுருளித் தீர்த்தமா தாயி?"

"ஆமாங்கத்தா."

"நாளைக்கு எம் மகன் புது வீட்டுல பால் காச்சுறான். நான் கொஞ்சூண்டுதான் புடிச்சேன். இதுல ஒரு போத்தல் ஊத்துங்களேன்."

என் தோழி என்னைப் பார்த்தாள். புது வீட்டுக்கென்று கேட்கும்போது எப்படி மறுப்பது? ஊற்றிக் கொடுத்தாள்.

"யாருக்குத்தா இம்புட்டுத் தண்ணி?"

"பூச்சிக்குங்க" என்றாள் என் தோழி.

"பூசைக்கா? நல்லா இருங்க, நல்லா இருங்க" என்று அந்த அம்மா இரண்டு பேர் தலையிலும் கை வைத்தார். காலையில்தான் பூசை கண்டு வந்தவள், "ஆமாங்கத்தா, பூசைக்குத்தான்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். உத்தமபாளையம் வந்து இறங்கும் வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தேன். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் வெடித்துச் சிரித்திருப்பேன்.

சுருளித் தண்ணீரில் புதிதாகப் பூச்சிகளை விட்டு மறுநாள் காலையில் பார்த்தபோது, வெறும் தண்ணீர் ஜாடியில் எல்லாப் பூச்சிகளும் துள்ளின. அந்தக் காலை நேரத்தில் நாங்கள் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பிலிருந்து ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்தடுத்த ஜாடிகளைப் பார்த்தோம். பழைய திரை ஊறிய தண்ணீரில் உயிரோடு இருந்தன. என் வெள்ளித் தாள் ஊறிய தண்ணீரில்? அங்கேயும் துள்ளின! அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நீலப் பிளாஸ்டிக் ஜாடியில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் அதில் லிட்மஸ் தாளை நனைத்தால் சிவந்தது. அந்தப் பிளாஸ்டிக்கோடு அமிலம் சேர்ந்தே வரும். சமையல் சோடாவால் புளிப்பை எடுத்துவிட்டு மறுபடி பூச்சிகளை விட்டபோது அவை பிழைத்துக்கொண்டன.

கழுவு நீர் ஜாடிதான் மோசம். தண்ணீரில் விட்ட கொஞ்ச நேரத்திலேயே அத்தனையும் அசைவற்றுப் போயிருந்தன.

"பாத்தியாடி" என்றாள் என் தோழி. "சாமான்ல இல்ல வெனை. சாமானச் செய்யிற எடத்துல இருக்கு."

அந்தக் கழுவு நீர் அதுவரை எங்கே போய்க்கொண்டிருந்தது? என் ஆய்வகத் தொட்டியில் ஊற்றினால், அது கல்லூரிச் சாக்கடை வழியாக வெளி வாய்க்காலுக்குப் போகும். ஜன்னலில் தெரியும் நெல் வயல் அந்த வாய்க்கால் பாசனம்தான்.

அவள் அத்தோடு விடவில்லை. "முழுத் தாளு சரி. குப்பையில லாரி ஏறி நொறுங்கினா? அதையும் பாத்துருவம்." வெள்ளித் தாளைச் சுரண்டிப் பொடியாக்கி ஊற வைத்தோம். இப்போது பூச்சிகள் சோர்ந்தன, சில செத்தன. நொறுக்கிய பழைய திரையிலும் கொஞ்சம் குறைந்தன. ஆனால் அதில் பசை, சாயம் என்று ஏதேதோ ஒட்டியிருப்பதால் இண்டியத்தின் மேல் பழி போட முடியாது. நீலப் பிளாஸ்டிக்கை நொறுக்கி, புளிப்பை எடுத்துவிட்டுப் பார்த்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. நல்லது, கெட்டது என்று ஒரே வார்த்தையில் முடியும் விஷயமில்லை என்பது புரியப் புரிய எனக்கு உற்சாகம்தான் கூடியது. வீட்டில் சோறு பரிமாறும்போதும் இதே பேச்சு. "சாம்பார்ல உப்பு இல்ல" என்று மச்சான் சொன்னது எனக்கு வேறு மாதிரி காதில் விழுந்தது.

உப்பு! வெள்ளி கரைந்த தண்ணீரில் உப்பைப் போட்டால் வெள்ளி வெண்படிவமாக இறங்கும். பதினொன்றாம் வகுப்புப் பாடம். இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை? மறுநாள் கழுவு நீரில் ஒரு கரண்டி சமையல் உப்பைப் போட்டுக் கலக்கினேன். பால் ஊற்றியது போல வெளுத்தது. வடிதாளில் வடித்து, தெளிந்த தண்ணீரில் பூச்சிகளை விட்டோம். செத்தன.

எனக்கு நாற்காலியில் சாய்ந்துவிட வேண்டும் போல் இருந்தது. என் தோழிதான், "இருடி. வெறும் சுருளித் தண்ணியில இதே அளவு உப்பப் போட்டுப் பாப்போம்" என்றாள். அதிலும் செத்தன. வெள்ளி கொல்லவில்லை, என் ஒரு கரண்டி உப்பு கொன்றிருக்கிறது! அன்றைக்கு முழுக்க உப்பைக் குறைத்துக் குறைத்து, ஒரு சிட்டிகைக்கும் கீழே கொண்டுவந்தோம். அதற்கும் தண்ணீர் வெளுத்தது. ஊறவிட்டு, வடித்து, சுருளித் தண்ணீரை முன்போலவே கலந்து பூச்சிகளை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

காலையில் நான் பேருந்தை விட்டு இறங்கும்போதே போன் வந்தது.

"எங்கடி இருக்க? ஓடியா!"

"உசுரோட இருக்கா?"

"உசுரோடயா? குட்டி போட்டிருக்குடி!"

கேட்டிலிருந்து ஆய்வகம் வரைக்கும் நான் நடக்கவில்லை. தெள்ளுப்பூச்சி முட்டையை முதுகுப் பைக்குள்ளேயே வைத்துப் பொரித்து வெளியே விடும். நுண்ணோக்கியின் கீழே, வடித்த கழுவு நீரில், தாயைச் சுற்றிலும் தூசி போல் குட்டிகள் துடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஓர் இதயம். என் கண் கலங்கியதில் லென்ஸ் மங்கியது. "நகரு, நான் பாக்கணும்" என்று அவள் என்னை இடித்துத் தள்ளினாள். வடிதாளில் தங்கிய வெள்ளிப் படிவம் ஜன்னல் வெயிலில் ஊதா கலந்த சாம்பல் நிறமாக மாறிக்கொண்டிருந்தது. அதைச் சேர்த்து வைத்தால் திரும்ப வெள்ளியாக்கலாம். அன்றைக்கே என் ஆய்வகத் தொட்டியின் குழாயைக் கழற்றிவிட்டு அடியில் ஒரு வாளியை வைத்தோம்; உப்புப் போட்டு வடித்த பிறகுதான் இனிக் கழுவு நீர் வெளியே போகும்.

மதுரைக் கருத்தரங்குக்கு இருவரும் போனோம். தலைப்பிலிருந்து 'சுற்றுச்சூழலுக்கு உகந்த' என்பதை எடுத்துவிட்டு, 'வெள்ளிக் கம்பிப் பூச்சின் கழுவு நீர்: தெள்ளுப்பூச்சிகள் காட்டியவை' என்று போட்டிருந்தோம். அவள் பெயர் முதலில். முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, "கடைசியில் எது சிறந்தது? இண்டியமா, வெள்ளியா, பிளாஸ்டிக்கா?" என்று கேட்டார்.

"அஞ்சாறு ஜாடியை வைத்து அதைச் சொல்ல முடியாது ஐயா" என்றேன். "ஆனால் எதைச் செய்தாலும் செய்கிற இடத்துத் தொட்டியின் அடியில் ஒரு வாளி வைக்கலாம். அது எங்களால் முடிந்தது. முடியும் என்பதைத்தான் காட்ட வந்தோம்."

கேட்டவர் உட்காரவில்லை. வாளிக்குள் என்ன போடுகிறீர்கள், எவ்வளவு நேரம் விடுகிறீர்கள் என்று அடுத்தடுத்துக் கேட்டார். தேநீர் இடைவேளையில் இன்னும் சிலர் வந்து எங்களைச் சுற்றிக்கொண்டார்கள். என் தோழி கையை ஆட்டி ஆட்டி உப்புக் கதையைச் சொன்னாள். தேநீர் ஆறியே போனது.

மச்சான் தன் கடைச் சாக்கைக் குப்பையில் கொட்டுவதை நிறுத்திவிட்டார். தேனியில் மின்னணுக் கழிவு வாங்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, சின்னமனூரில் உள்ள மற்ற கடைக்காரர்களுக்கும் சொல்லியிருக்கிறார். நொறுங்கினாலும் உதிராதபடி வெள்ளிக் கம்பிக்கு மேல் நீலப் பிளாஸ்டிக்கை மெல்லிய போர்வையாகப் பூச முடியுமா என்று நான் இப்போது முயன்றுகொண்டிருக்கிறேன். இன்னும் சரியாக வரவில்லை.

போன வாரம் நாங்கள் ஜாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது வேதியியல் துறைத் தலைவர் வந்தார். எப்போதும் பேசாமல் கடந்து போகிறவர். அன்றைக்கு அவரே கையில் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்திருந்தார். மூச்சு வாங்கியது.

"எங்க பிள்ளைக சோதனை பண்ணி மிஞ்சுற வெள்ளி நைட்ரேட்டு இது. இத்தன வருசமா தொட்டியிலதான் ஊத்திக்கிட்டு இருந்தாக" என்றார். "இதையும் உங்க பூச்சிககிட்டக் கேட்டுச் சொல்றீகளா?"

அவர் கேனைக் கீழே வைப்பதற்குள் என் தோழி வடிதாளை எடுத்து மடிக்கத் தொடங்கியிருந்தாள்.